கிர்ணிப்பழத்தின் பாவம்

வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டுக்குப் போகும் பஸ்ஸில், எழுபத்தாறாம் ஆண்டுக் கோடையில், பழம் இல்லாமல் ஏறியவரைக் கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார். மடியில் வாழைப்பழம், கூடையில் கொய்யா, தலைமேல் பலா. வண்டி முழுக்கப் பழவாசனை. ஒன்றும் தின்பதற்கு அல்ல. எல்லாம் நிறுப்பதற்கு.

ஒதியம்பட்டில் ஒரு சாமியார் பாவத்தை நிறுத்துக்கொண்டிருந்தார். நிர்மலஜோதி அடிகள் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். அவ்வளவு நீளமாகச் சொல்ல மக்களுக்கு நேரமில்லை. தராசு சாமி என்றார்கள்.

முறை எளிமையானது. நீங்கள் ஒரு பழம் கொண்டுவர வேண்டும். சாமியார் அதில் உங்கள் பேரைச் சொல்லி ஒரு துண்டு அறுப்பார். ஊர் பார்க்கத் தராசில் நிறுப்பார். பட்டுத்திரைக்குப் பின்னால் இருந்த ஞானப் பெட்டிக்குள் வைப்பார். காலையில் வைத்ததைப் பொழுது சாய எடுத்து மறுபடியும் நிறுப்பார். எடை குறைந்திருக்கும். குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவும் உங்கள் பாவம். ஆண்டவன் எடுத்துக்கொண்டான். நீங்கள் உண்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

தராசு வில்லியனூர் மளிகைக்கடை ஹபீப் முகமதுவுடையது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்குப் போகும் நேரம் தவிர, அவரே வந்து பிடித்துக் காட்டினார். அரசாங்க முத்திரை குத்திய தராசு. அரசாங்க முத்திரையோடு பாவத்தை நிறுத்த ஊர் வேறு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞானப் பெட்டியைப் பற்றி இரண்டு அதிசயங்கள் சொல்லப்பட்டன. காதை வைத்துக் கேட்டால் உள்ளே 'ஓம்' என்ற ஓங்காரம் இடைவிடாமல் ஒலிக்கும். கிட்டப் போனால் முகத்தில் வெதுவெதுவென்று ஆண்டவனின் மூச்சு படும். "பெட்டியில் வெச்ச எதுவும் ஆண்டவன் மூச்சுப் பட்டுச் சூடாகத்தான் வரும்" என்று சாமியாரே ஒவ்வொரு வாரமும் அறிவித்தார். சூடாகத்தான் வந்தது. கரண்டு இல்லாத நாள்களில் மட்டும் ஓங்காரம் கேட்காது. அன்றைக்குச் சாமியார் மௌன விரதம். அந்தக் கோடையில் கரண்டு அடிக்கடி போனதால் அவர் கடுமையான விரதக்காரர் என்று பெயர் எடுத்தார்.

பாவம் நீங்கிய துண்டு சுருங்கி, கறுத்து, தோல்போல் இருக்கும். ஆனால் அழுகாது. மாதக்கணக்கில் டப்பாவில் வைத்திருந்தாலும் பூசணம் பிடிக்காது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பெட்டியில் வைத்த துளசியும் கீழாநெல்லியும் பச்சை நிறம் மாறாமல் பொடியாகி, பொட்டலமாகி, காயகல்பம் என்ற பேரில் விற்றன. பழத்தில் அடங்காத அளவுக்குப் பாவம் உள்ளவர்களுக்குப் பரிகாரம் இருந்தது. ஆட்டுக்கறியை மெல்லிசாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொண்டுவர வேண்டும். பாவம் கறியில் ஏறிவிடும். பாவம் ஏறிய கறியை யாரும் வீட்டுக்குத் திருப்பிக் கேட்பதில்லை. சாமியாரும் கொடுப்பதில்லை.

ஊரிலேயே குறைந்த பாவம் செய்தவர் மிராசு நாகராஜன். சாமியாருக்குப் பம்ப்செட் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தவர் அவர்தான். மோட்டாருக்கு வந்த கரண்டில் ஒரு கம்பியையும் இழுத்துக் கொடுத்திருந்தார். அவர் ராசிக்குப் பேரீச்சம்பழம் என்று சாமியார் சொன்னார். பேரீச்சம்பழம் உள்ளே போனபடியே வெளியே வந்தது. தராசு முள் அசையவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குத்தகை நெல்லை இரண்டு மரக்கால் வைத்து அளப்பவர், வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று, என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. தராசு தெளிவாகச் சொன்ன பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

பொதுவாகவே நிலம் உள்ளவர்களின் ராசிக்குப் பேரீச்சை, கொப்பரை, பாதாம். நிலம் இல்லாதவர்களின் ராசிக்கு வெள்ளரி. கிரகங்கள் அப்படி அமைந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? ஹபீப் முகமதுவுக்கும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஆனால் அவர் கடையில் பேரீச்சை நன்றாக விற்றது. கேள்வியைத் தள்ளிப்போட்டார்.

இந்த ஊரில்தான் காசம்மாள் தன் மருமகள் கஸ்தூரியின் பேரில் ஒரு பழம் கொண்டுவந்தாள்.

கஸ்தூரி வாழ்க்கைப்பட்டு வந்து சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. காசம்மாளுக்குத் தம்பி மகள் ஒருத்தி இருந்தாள். வயசுக்கு வந்த பெண். மகன் இருசப்பனுக்கு அவளைக் கட்டிவைக்கலாம், ஆனால் இருப்பவளைக் காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது. காரணம் கேட்டுத்தான் தராசு சாமியிடம் தனியாகப் போனாள். சாமியார் கண்ணை மூடி யோசித்தார்.

"உன் மருமக ராசிக்குக் கிர்ணிப்பழம்" என்றார்.

கிர்ணிப்பழத் துண்டு காலையில் தட்டு நிறைய உள்ளே போனது. சாயங்காலம் ஒரு பழைய செருப்பு வார் வெளியே வந்தது. தராசில் வைத்தபோது எதிர்த் தட்டு தரையில் போய் இடித்தது. கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இவ்வளவு பாவத்தைச் சுமக்கிற வயிற்றிலே குழந்தை எங்கே தங்கும்?" என்றார் சாமியார். "இவள் தாய்வீட்டுக்குப் போகட்டும். பாவம் வற்றுகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

"எப்ப வத்தும் சாமி?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"அது உன் கையில் இல்லை, தாயே."

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று குறிக்கப்பட்டது. அன்றைக்குச் சாமியிடம் விடை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே வண்டியில் திருவாண்டார்கோயிலுக்கு, கஸ்தூரியின் தாய்வீட்டுக்கு, அவள் போக வேண்டும். காசம்மாள் மருமகளின் தகரப்பெட்டியைத் தானே தூசு தட்டி எடுத்துவைத்தாள். மருமகளுக்காக அவள் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கஸ்தூரி அழவில்லை. பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துவிட்டு, சந்தையில் ஒரு கிர்ணிப்பழம் வாங்கிவந்தாள். இரண்டு துண்டு அறுத்து, மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்த ஓட்டுக்கூரையில் அதன் பக்கத்தில் வைத்தாள். கரும்புக் கொல்லையிலிருந்து வந்த இருசப்பன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாடி அது?"

"ஒண்ணு உம் பேர்ல வெச்சிகீறேன். இன்னொண்ணு நேத்து நம்ம மாடு போட்டுதே, அந்தக் கன்னுக்குட்டி பேர்ல."

இரண்டு நாள் சித்திரை வெயிலில் இரண்டு துண்டுகளும் சுருங்கி ஒரே மாதிரி வாராக ஆயின. அவள் இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"எனக்காவது கீதுன்னு வெச்சிக்கோ. கன்னுக்குட்டி இன்னாடி பாவம் பண்ணுச்சு?"

"அத்தத்தான் நானும் கேக்கறேன்."

"இத்த அம்மாகிட்ட சொல்லேன்."

"நீ சொல்லேன்."

இருசப்பன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான். ஏற்கெனவே பாய்ச்சிய கரும்பு.

கஸ்தூரியே சொன்னாள். காசம்மாள் மோர்மிளகாயைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"வருசா வருசம் நீதான அத்த மொளகா காய வெக்கற? பாரம் கொறையுதா இல்லியா? மொளகாக்கு இன்னா பாவம்?"

"வெயிலு வேற, சாமி வேற" என்றாள் காசம்மாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை கொட்டகையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஒரு பாவியை வழியனுப்புவதைப் பார்க்க வில்லியனூர், செல்லிப்பட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வாசலில் வண்டி நின்றது. வண்டியில் தகரப்பெட்டி ஏறியிருந்தது. கஸ்தூரி கையில் ஒரு முழு கிர்ணிப்பழத்தோடு வந்து சாமியார் காலில் விழுந்து எழுந்தாள்.

"நான் போயிடறேன் சாமி. போறதுக்கு முன்ன ஒரே ஒரு ஆசை."

"சொல், தாயே."

"பாவம் பண்ணவ பழம் எப்படி இருக்கும்னு ஊரே பாத்துது. பாவமே இல்லாதவங்க பழம் எப்படி இருக்கும்னு யாரும் பாக்கல. இந்தப் பழத்துல என் பேர்ல ஒரு துண்டு, சாமி பேர்ல ஒரு துண்டு. அத்த கண்ணால பாத்துட்டுப் போனா எனக்குப் புண்ணியம்."

சாமியார் புன்னகை செய்தார். அந்தப் புன்னகை முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"துறவிக்கு ஏது ராசி? போட்டால் பேரீச்சை போடலாம்."

"துறவிக்கு ராசி இல்லன்னா எந்தப் பழமா இருந்தா இன்னா சாமி? இதே பழம், இதே கத்தி, இதே தட்டு."

கூட்டத்துக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு விட முடியவில்லை. "சாமி பழம்! சாமி பழம்!" என்று பின்வரிசையில் ஒருவர் ஆரம்பிக்க, கொட்டகையே அதிர்ந்தது. யாரும் சாமியாரைச் சந்தேகப்படவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். அத்தனை பேரும் நம்பினார்கள். அவருக்கு ஏற்பட்ட சங்கடமே அதுதான்.

முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மிராசு நாகராஜனுக்கும் ஆசை வந்துவிட்டது.

"எம் பேர்லயும் ஒண்ணு போடு" என்றார். "சாமி பக்கத்துல நம்ம துண்டும் நிக்கட்டும்."

"உங்கள் ராசிக்குப் பேரீச்சை..."

"அட, போடுங்கறேன்."

மூன்று துண்டுகள் அறுக்கப்பட்டன. ஹபீப் முகமது சீவிச் சீவி மூன்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தார். கஸ்தூரி அடையாளம் கட்டினாள். சாமியார் துண்டுக்கு அவர் மேல்துண்டிலிருந்தே உருவிய காவி நூல். மிராசுக்கு வெள்ளை நூல். தனக்கு மஞ்சள்.

திரை மூடியது. ஓங்காரம் எழுந்தது.

இப்போது சாமியாரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பெட்டி ஓடினால் மூன்று துண்டும் சுருங்கும். அவரும் கஸ்தூரி அளவுக்குப் பாவி. பெட்டியை நிறுத்தினால் மூன்று துண்டும் அப்படியே இருக்கும். கஸ்தூரியும் அவர் அளவுக்குப் புனிதவதி. ஒன்று இருவரும் பாவி, அல்லது இருவரும் மகான். கொட்டகையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் திரைக்கு அந்தப்புறம் இருந்தார். இன்னொருத்தி இந்தப்புறம், கைகூப்பியபடி, நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

நடுவில் சாமியார் பூசைக்கென்று திரைக்குப் பின்னால் போனார். வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

பொழுது சாய்ந்தது. பித்தளைத் தட்டு வெளியே வந்தது. மஞ்சள் நூல் கட்டிய துண்டு வாராகக் கிடந்தது. வெள்ளை நூல் கட்டிய துண்டும் வார். காவி நூல் கட்டிய துண்டு மட்டும் காலையில் அறுத்த மாதிரியே, தளதளவென்று, சாறு மின்ன நின்றது.

கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது. அரோகரா சத்தம் பஸ் ரோடு வரைக்கும் கேட்டது.

"இப்ப இன்னாடி சொல்ற?" என்றாள் காசம்மாள். "மொளகாயாம், கன்னுக்குட்டியாம். ஏறு வண்டியில!"

வாசலில் வண்டிக்காரன் மாட்டை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். இருசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி எழுந்து நின்றாள், ஆனால் நடக்கவில்லை.

ஹபீப் முகமது வழக்கம்போல் தராசைத் தூக்கினார். எல்லாரும் பார்த்தாகிவிட்டது என்றாலும் நிறுக்காமல் விடுவது அவர் பழக்கம் அல்ல. மஞ்சள் நூல் துண்டை எடுத்து வைத்தார். வெள்ளை நூல் துண்டை எதிர்த் தட்டில் வைத்தார். காவி நூல் துண்டை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"இன்னாபா இது? சில்லுனு கீது!"

"இன்னா பாய் சொல்றீங்க?" என்றாள் கஸ்தூரி.

"அந்த ரெண்டும் சுடுது. இது பானத்தண்ணி மாதிரி குளுந்து கெடக்குது."

"ஆண்டவன் மூச்சு பட்டா சூடாத்தான் வரும்னு சாமிதான சொன்னாரு? எங்க பழத்துல பட்ட மூச்சு, சாமி பழத்துல மட்டும் படலியா?"

"எனக்குக் குளிர்ச்சியான உடம்பு, தாயே" என்றார் சாமியார்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தக் கொட்டகையில் அது முதல் சிரிப்பு.

சாதாரணமாக அதோடு அடங்கியிருக்கும். ஒரு மருமகள் கேட்ட கேள்விக்காக ஒரு சாமியாரைக் கைவிடும் ஊர் அல்ல அது. ஆனால் மிராசு நாகராஜன் தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துண்டும் கஸ்தூரி துண்டும் ஒரே எடை. முள் நடுவில் நின்றது. ஊர் முழுக்க அந்த முள்ளைப் பார்த்தது. யாரோ தாழ்ந்த குரலில் 'மரக்கால்' என்றார்கள்.

"அந்தத் துண்ட மறுபடியும் உள்ள வை" என்றார் மிராசு, எழுந்து. "நான் பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன்."

"திரைக்குள் மனிதர் வரக்கூடாது..."

"எங் கொட்டாடா இது."

திரை கிழிந்தது. உள்ளே ஒரு தண்ணீர்ப் பானை. அதன்மேல் ஈரத்துணி. துணியில் கிர்ணிச்சாறு படிந்து எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஞானப் பெட்டி. சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தால் ஒரு தகர அலமாரி. கதவைத் திறந்தால் அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். அடியில் செக்கச்செவேலென்று பழுத்த கம்பிச்சுருள். அதற்குப் பின்னால் சுழலும் ஒரு சின்ன விசிறி. பின்புறமாக ஒரு ஒயர் கிளம்பி மிராசுவின் மோட்டார் போர்டுக்குப் போனது.

மிராசு பிளக்கைப் பிடுங்கினார்.

ஓங்காரம் நின்றது.

"டேய், இன்னாடா இது?"

நிர்மலஜோதி அடிகள் ஒரு நொடியில் மணவாளன் ஆனார். அதுதான் பிறந்தபோது வைத்த பெயர். புதுச்சேரி டவுனில் ஒரு சொல்தா வீட்டில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டையரான ஒருவர் வீட்டில், குசினியில் சமையல்காரராக இருந்தவர்.

"தொரை பிரான்சுலேருந்து கப்பல்ல எடுத்தாந்த பொட்டிங்க" என்றான் மணவாளன். "பழம், கீரை, கறி, எல்லாம் காய வெக்கற பொட்டி. அங்க வெயில் கம்மி இல்லீங்களா. தொரை செத்ததும் தொரையம்மா என்னிய எடுத்துக்கன்னுச்சு."

"அப்ப எடை கொறைஞ்சது?"

"தண்ணிங்க. கிர்ணியில தண்ணி சாஸ்தி."

பெட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கும் இருந்தது. அவிழ்த்தார்கள். உள்ளே காய்ந்த ஆட்டுக்கறி, பரிகாரம் பரிகாரமாக, அழகான உப்புக்கண்டம். கூட்டத்திலிருந்து செல்லிப்பட்டு ஆள் ஒருவர் குனிந்து ஒரு துண்டை எடுத்து மோந்தார். கடித்தார். மென்றார்.

"ஏம்பா, மேட்டுச் சாராயக்கடையில வாராவாரம் இத்தத்தான தொட்டுக்கினு குடிக்கறேன்!"

"யோவ்! நம்ம வூட்டு ஆடுய்யா அது!" என்று அலறினாள் அவர் மனைவி. "எம் பேர்ல பரிகாரம் குடுத்த கறிய்யா!"

அவர் மென்றதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விழுங்கிவிட்டார்.

பிறகு நடந்தவற்றில் புதுமை ஒன்றும் இல்லை. இத்தனை நாள் காலில் விழுந்தவர்கள் இப்போது கையை ஓங்கினார்கள். முதலில் விழுந்தவர்களே முதலில் ஓங்கினார்கள். ஹபீப் முகமது குறுக்கே நின்று, "அடிக்காதீங்கபா, போலீஸ்ல குடுங்க" என்றார். "நம்மகிட்டயும் தப்பு கீது. நானே பேரீச்சை வித்துக்கினு கம்முனு இருந்துட்டேன்" என்று தராசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மிராசு நாகராஜன் தன் துண்டில் போனது தண்ணீர்தான் என்பதை எல்லாரிடமும் தனித்தனியாக விளக்கினார். விஞ்ஞானத்தில் அவருக்கு இருந்த அக்கறை அன்றைக்குத்தான் வெளிப்பட்டது.

கஸ்தூரி வாசலுக்கு வந்தாள். இருசப்பன் அவளுக்கு முன்னால் போய், யாரும் சொல்லாமலே, வண்டியிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"தாமசமா எறக்கற" என்றாள் அவள்.

அவன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

காசம்மாள் பின்னால் வந்தாள். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"இவன் பொய்யன்தான். அதுக்காக எல்லாரும் பொய்யா? பாகூர் பக்கம் ஒருத்தர் வெத்தலையில எண்ண தடவிப் பாத்து சொல்றாராம். அங்க உன்னிய இட்டுக்கினு போவணும்."

"போலாம் அத்த" என்றாள் கஸ்தூரி. "மொதல்ல உம் பேர்ல பாக்கச் சொல்லலாம். அப்பால எம் பேர்ல."

காசம்மாளுக்கு அதற்குப் பிறகு பாகூர் மிகவும் தூரமாகிவிட்டது.

கூட்டம் பஸ்ஸுக்குக் கலைந்தது. வழியில் சிலர் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மணவாளன் போலி என்பது சரி, ஆனால் பெட்டியில் ஏதோ சக்தி இருக்கத்தான் வேண்டும் என்று ஒருவர் சொன்னதை நாலு பேர் ஆமோதித்தார்கள்.

பெட்டிக்குச் சக்தி உண்டு. அது பழத்தில் இருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். அதற்கு ஒரு கம்பிச்சுருள், ஒரு விசிறி, மிராசு வீட்டுக் கரண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை நேரம் எல்லாம் வேண்டியிருந்தது. மனிதனின் மூளையை உலர்த்த மணவாளனுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. ஒரு காவித்துணி போதுமாக இருந்தது. கிர்ணிப்பழத்துக்கு யோசிக்கத் தெரியாது, வெட்டி வைத்த இடத்தில் அது கிடந்து காயும். நமக்கு என்ன வந்தது?